அச்சில் ஏறிய சேலை

ஓர் உடையை எப்படி உடுத்த வேண்டும், அதன் மடிப்பு எந்த இடத்தில் விழ வேண்டும், எவ்வாறு நின்றால் அது எடுப்பாகத் தோன்றும் என்பதைப் பார்ப்பவர் மனத்தில் பதியவைப்பதற்காக வரையப்படும் படத்தை மேலைநாட்டார் ஃபேஷன் ஓவியம் என்று அழைத்தனர். அதில் இருக்கும் பெண் யார் என்பது முக்கியமில்லை என்பதால் அது உருவப்படம் ஆகாது. நிகழ்ச்சி எதையும் சொல்வதில்லை என்பதால் கதைப்படமும் ஆகாது. அதன் நாயகி துணியே. இருபதாம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் பாரிஸ் நகரத்தில் இக்கலை உச்சத்தை எட்டிய அதே ஆண்டுகளில், அந்தப் பெயர் வழங்காத தமிழ்நாட்டிலும் சேலையணிந்த பெண்ணின் வண்ண அச்சுப்படம் வீட்டுச் சுவரிலும் பூஜையறையிலும் ஜவுளிக்கடையிலும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன, எப்படி அச்சாயின, எந்த உடையை அழகென்று நிலைநாட்டின, எந்த உடையை வெளியே நிறுத்தின என்பதை அறிய, மரக்காணத்து உப்பளங்களிலிருந்து புதுச்சேரி வரை நீளும் கடற்கரையை மனத்தில் இருத்திக்கொண்டு பார்ப்பது பொருத்தமாகும். ஏனெனில் ஐரோப்பிய நாகரிக உடையின் வரலாற்றிலும் இந்தியச் சேலை ஓவியத்தின் வரலாற்றிலும் இக்கரைக்குப் பங்கு உண்டு.

பாரிஸில் நிகழ்ந்ததை முதலில் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பியப் பெண்கள் இதழ்களில் வெளியான உடைப்படங்கள், உலோகத் தகட்டில் நுணுக்கமாகச் செதுக்கி அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. சரிகைப் பின்னல், பொத்தான், குஞ்சம் என ஒவ்வோர் உறுப்பையும் தையற்காரர் பார்த்துத் தைக்கும்படி அவை காட்டின. காட்டிய அளவுக்கு உயிரோட்டம் அவற்றில் இல்லை. பால் பொய்ரே என்ற உடை வடிவமைப்பாளர், இடுப்பை இறுக்கிப் பிணைக்கும் கச்சைக் கைவிட்டு, தோளிலிருந்து நேராக இறங்கும் தளர்ந்த ஆடைகளை உருவாக்கியபோது, அந்த நேர்க்கோட்டைச் சொல்லப் பழைய படமுறை போதவில்லை. 1908-இல் அவர் பால் இரீப் என்னும் இளம் ஓவியரைக் கொண்டு தம் ஆடைகளை வரையச் செய்து, பத்துப் படங்கள் கொண்ட தொகுப்பாக 250 படிகள் மட்டும் வெளியிட்டார். பின்னணியை ஏறக்குறைய வெறுமையாக விட்டு, நிழல் காட்டாமல், தட்டையான ஒரே நிறப்பரப்பாக ஆடையை அமைத்த அப்படங்களில் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளின் பாதிப்பு வெளிப்படையாகத் தெரியும். 1911-இல் ஜார்ஜ் லெபாப் வரைந்த இரண்டாம் தொகுப்பு 1,000 படிகள் வெளிவந்தது. அதற்கடுத்த ஆண்டில் லூசியன் வோகல் தொடங்கிய ‘கஸெத் து பொன் தோன்’ என்ற இதழ், பாரிஸின் ஏழு பெரிய உடை நிறுவனங்களுடன் உடன்பாடு செய்துகொண்டு, ஜார்ஜ் பார்பியே, சார்ல் மார்த்தேன் முதலிய ஓவியர்களின் தனிப்படத் தாள்களுடன் வெளியாகி, உலகப் போர்க்கால இடைவெளியைக் கடந்து 1925 வரை நீடித்தது.

இப்படங்களுக்குத் தனி ஒளியைக் கொடுத்தது போஷ்வார் எனப்படும் துளைத்தகட்டு வண்ணமுறை. ஓவியத்தின் கோடுகளை மட்டும் முதலில் தாளில் அச்சிட்டுவிட்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மெல்லிய உலோகத் தகட்டை எடுத்து, அந்நிறம் வரவேண்டிய இடத்தை மட்டும் வெட்டி நீக்கி, தகட்டைத் தாள்மீது பொருத்தித் தூரிகையால் வண்ணத்தை ஒற்றி எடுப்பர். ஒரே படத்துக்கு இருபது, முப்பது தகடுகள்கூடத் தேவைப்படும். கோலமாவு நிரப்பிய துளையிட்ட குழலைத் தரையில் உருட்டிக் கோலம் இடுவதைக் கண்டவர்களுக்கு, துளை வழியாக உருவம் இறங்கும் இந்த முறையின் அடிப்படை எளிதில் விளங்கும். இயந்திரம் அன்றி மனிதக் கையே வண்ணத்தை இட்டதால், அச்சுப்படம் என்றாலும் ஒவ்வொரு தாளும் தீட்டிய ஓவியத்தின் செறிவைப் பெற்றது. அதே காரணத்தால் அது விலை மிகுந்த பொருளாகவும், சிலர் மட்டுமே வாங்கக்கூடியதாகவும் இருந்தது. ஒளிப்படக்கலை வளர்ந்து, 1932-இல் அமெரிக்க ‘வோக்’ இதழின் அட்டையில் வண்ண ஒளிப்படம் இடம்பெற்ற பிறகு, வரைந்த உடைப்படத்தின் ஆட்சி படிப்படியாகச் சுருங்கியது.

இந்தப் பாரிஸ் படங்களில் தலைப்பாகை அணிந்த பெண்கள் அடிக்கடி தோன்றுவது தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. லண்டன் அருங்காட்சியகத்தில் இந்தியத் தலைப்பாகைகளைக் கண்டு வியந்து, அவற்றின் கட்டுமுறையைக் கற்றுவரத் தம் பணியாளரை அங்கு அனுப்பியதாகப் பொய்ரே தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1910-இல் ரஷ்ய நடனக் குழுவினர் பாரிஸில் நிகழ்த்திய ‘ஷெஹராசாத்’, 1912-இல் இந்தியப் பின்னணியில் அமைந்த ‘நீலக் கடவுள்’ ஆகிய நடன நாடகங்களுக்கு லேயோன் பாக்ஸ்ட் வடிவமைத்த ஆடைகளும் இந்த மோகத்தைப் பெருக்கின. இந்திய ஆண்கள் வெயிலுக்கும் மதிப்புக்குமாகக் கட்டிய துணி, ஓர் ஓவியரின் கோட்டில் ஏறிய மாத்திரத்தில் ஐரோப்பியச் சீமாட்டியின் மாலைநேர அணிகலனாக மாறியது. துணியின் மதிப்பை நெசவு மட்டும் தீர்மானிப்பதில்லை, அதை யார் எங்கே வரைகிறார் என்பதும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிரெஞ்சு நாகரிகத்துக்கும் சோழமண்டலக் கரைக்கும் இடையிலான உறவு இதைவிடப் பழையது. கைவண்ணம் தீட்டிய சோழமண்டலப் பருத்தித் துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸில் இந்தியத் துணி என்ற பெயரிலேயே பரவி, உள்நாட்டு நெசவாளர் அஞ்சும் அளவுக்கு விற்பனையானதால், 1686-இல் அவற்றின் இறக்குமதிக்கே அந்நாட்டு அரசு தடை விதித்தது. 1759 வரை அத்தடை நீடித்தது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ‘எரித்ரேயக் கடல் பயணக் குறிப்பு’ சுட்டும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அக்குறிப்பிலேயே தமிழகத்து மெல்லிய துணி ஏற்றுமதியானது பேசப்படுவதால், இக்கரையிலிருந்து துணி கடல் கடந்ததன் தொன்மை விளங்கும்.

துணி சென்ற வழியிலேயே படமும் சென்றது. பியர் சொன்னரா என்ற பிரெஞ்சுப் பயணி 1782-இல் வெளியிட்ட தம் பயண நூலில் இப்பகுதி மக்களின் தொழில்களையும் உடைகளையும் செப்புத்தகட்டுப் படங்களாகச் சேர்த்தார். 1827 முதல் 1835 வரை பாரிஸில் பகுதி பகுதியாக வெளிவந்த ‘பிரெஞ்சு இந்தியா’ என்ற கல்லச்சுத் தொகுப்பு, சோழமண்டலக் கரையிலும் மலபாரிலும் வாழ்ந்த மக்களின் உடைகளைத் தன் தலைப்பிலேயே குறிப்பிட்டது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி காலத்துச் சித்திரக்காரர்கள் ஆங்கிலேய அதிகாரிகளுக்காக வரைந்த, கம்பெனி ஓவியங்கள் எனப்படும் படங்களிலும், ஒவ்வொரு தொழிலைச் செய்யும் கணவனும் மனைவியும் தத்தம் உடையுடனும் கருவியுடனும் இணையாக நின்றனர். இவற்றை உடைப்படங்கள் எனலாமே தவிர ஃபேஷன் ஓவியங்கள் எனல் ஆகாது. இவை பார்ப்பவரிடம் ‘இவர்கள் இப்படி உடுத்துகின்றனர்’ என்று கூறின. ‘நீயும் இப்படி உடுத்து’ என்று கூறவில்லை. மக்களை வகைப்படுத்தி ஆள விரும்பிய அந்நியக் கண்ணின் குறை அவற்றில் உண்டு. ஆயினும் நெய்பவளும் சுமப்பவளும் விற்பவளும் அவற்றில் இடம்பெற்றனர் என்பதையும், அடுத்து வந்த நூற்றாண்டின் அழகிய படங்கள் அவர்களை ஏற்கவில்லை என்பதையும் மறக்கலாகாது.

‘நீயும் இப்படி உடுத்து’ என்ற அழைப்பை இந்தியப் பெண்களிடம் கொண்டு சென்றவை, கிளிமானூரில் 1848-இல் பிறந்த ராஜா ரவிவர்மாவின் ஓவியங்கள். அவருடைய புகழ் தொடங்கிய இடம் சென்னை. 1873-இல் சென்னை நுண்கலைக் கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணை வரைந்த படத்துக்கு ஆளுநரின் தங்கப்பதக்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டு இசைக்கருவி மீட்டும் தமிழ்ப் பெண்ணின் படமும் பரிசு பெற்று, பின்னர் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அன்பளிப்பாக அளிக்கப்பட்டது. 1878-இல் சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் முழு உருவப்படத்தையும் அவர் வரைந்தார். தாது வருடப் பஞ்சம் என்று தமிழர் நினைவில் நிற்கும் 1876–78 பெரும்பஞ்சத்தின்போது, கூலி கொடுத்து வெட்டுவித்து விரிவாக்கிய நீர்வழிக்கும் அக்கோமகனின் பெயரே சூட்டப்பட்டது. ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வழியாகச் சுமார் 420 கிலோமீட்டர் ஓடிவரும் அந்தப் பக்கிங்ஹாம் கால்வாய் முடியும் இடம் மரக்காணம். உப்பும் விறகும் நெல்லும் அதன்வழியே படகில் சென்னைக்குப் போயின. ஒரே ஆளுநரின் பெயர் ஒருபுறம் பட்டும் பளபளப்பும் நிறைந்த ஓவிய மரபின் தொடக்கத்தோடும், மறுபுறம் பட்டினியில் மண் சுமந்த மக்களின் உழைப்போடும் பிணைந்திருப்பதை இந்த வரலாற்றைப் படிப்பவர் எளிதில் கடந்துவிட முடியாது.

ரவிவர்மா பிறந்து வளர்ந்த திருவிதாங்கூரில் உடை என்பது அழகுணர்ச்சியை மட்டும் சார்ந்த பொருளாக இருக்கவில்லை. மார்பை மறைக்க மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல்லாண்டுகள் நடத்திய தோள்சீலைப் போராட்டம், 1859-ஆம் ஆண்டு அரசாணையுடன் ஓரளவு வெற்றி பெற்றபோது அவருக்கு வயது பதினொன்று. மேல்துணியை யார் அணியலாம், எப்படி அணியலாம் என்பதற்கு இரத்தம் சிந்தப்பட்ட நாட்டிலிருந்து வந்த ஓவியர், தம் படங்களில் ரவிக்கையும் முந்தானையும் பொருந்திய பெண்ணை இந்தியப் பெண்ணின் பொது உருவமாக நிறுத்தினார் என்பதை இந்தப் பின்னணியோடு சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் 1888-இல் பதினான்கு புராண ஓவியங்களை வரையப் பணித்தபோது ரவிவர்மாவுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. தமயந்தியும் சீதையும் எந்த உடையில் தோன்ற வேண்டும்? மலையாளப் பெண்ணின் வெண்முண்டில் வரைந்தால் மராத்தியர் ஏற்கமாட்டார்; மராத்தியரின் ஒன்பது கெஜக் கட்டில் வரைந்தால் தெற்கே அந்நியமாகத் தோன்றும். எல்லாருக்கும் பொதுவான பண்டை உடையைத் தேடி அவர் வடஇந்தியாவில் பயணம் செய்தும், ஊருக்கொரு கட்டுமுறைதான் கண்ணில் பட்டது. அவர் கண்ட அந்தப் பன்மையை, மைசூர் அரண்மனைக்காக 1889-இல் வரைந்த ‘இசைவாணியர் குழாம்’ என்ற பெரிய ஓவியம் இன்றும் காட்டுகிறது: வீணை மீட்டும் நாயர் பெண், மராத்தியப் பெண், முஸ்லிம் பெண், பூவேலைக் கரையுடைய சேலையில் பார்சிப் பெண், தொப்பியணிந்த ஆங்கிலோ-இந்தியப் பெண் எனப் பல நாட்டு உடைகளும் ஒரே அவையில் அமர்ந்திருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பைத் தருவதால், அவருடைய படைப்புகளில் ஃபேஷன் ஓவியத்துக்கு மிக அருகில் வருவது இதுவே எனலாம்.

புராணப் படங்களில் அவர் பெரிதும் கைக்கொண்ட கட்டுமுறை வேறு. கொசுவத்தை முன்புறம் வைத்துச் செருகி, முந்தானையை இடது தோளின்மேல் எடுத்துப் பின்னால் தொங்கவிடும் அம்முறை இன்று நிவி என்ற பெயரால் அறியப்படுகிறது. உள்பாவாடையும் தைத்த ரவிக்கையும் சேர்ந்த சேலையுடையைப் பொதுவாழ்வில் நுழைந்த மேல்தட்டுப் பெண்களுக்கு ஏற்றதாக 1860-களில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பரப்பியவர்களுள் தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த ஞானதானந்தினி தேவி முதன்மையானவர். ஆகவே ரவிவர்மா ஒரு புதிய கட்டைக் கண்டுபிடித்தார் என்பது சரியன்று. படித்த நகரக் குடும்பங்களில் பரவத் தொடங்கியிருந்த ஒரு கட்டுக்கு அவர் புராணத்தின் வயதைக் கொடுத்தார். 1899-இல் வரைந்த தமயந்தி படத்தில், அன்னத்தின் அருகே சிவப்புச் சேலையில் நிற்கும் விதர்ப்ப நாட்டு இளவரசி, உண்மையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த செல்வக்குடிப் பெண்ணின் உடையையே அணிந்திருக்கிறாள். பார்ப்பவருக்கோ அது தொன்றுதொட்டு வந்த உடையாகத் தோன்றுகிறது. எந்த வணிக விளம்பரத்தாலும் இதைவிட வலுவாக ஓர் உடையைப் பரிந்துரைக்க இயலாது.

அந்தப் படங்கள் அரண்மனைகளுக்குள் தங்கியிருந்தால் இந்த விளைவு ஏற்பட்டிருக்காது. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ், ரவிவர்மாவின் ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டுப் பரப்ப வேண்டும் என்று 1884-இல் யோசனை கூறினார். பத்தாண்டுகள் கழித்து, 1894-இல், ரவிவர்மா பம்பாயில் தம் சொந்தக் கல்லச்சகத்தையே தொடங்கினார். பின்னர் அது லோனாவாலாவுக்கு அருகிலுள்ள மலாவ்லிக்கு மாறியது. கடன் சுமையால் சில ஆண்டுகளில் ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃப்ரிட்ஸ் ஷ்லைகருக்கு அதை விற்க நேர்ந்தபோதும், 1906-இல் ஓவியர் மறைந்த பின்னரும் அவருடைய படங்கள் அங்கிருந்து நாடெங்கும் சென்றுகொண்டிருந்தன.

கல்லச்சு என்பது எண்ணெயும் நீரும் ஒட்டாத இயல்பை அடிப்படையாகக் கொண்ட முறை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லின்மேல் எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நீரால் நனைத்தால், வரையாத இடம் நீரை ஏற்கும். பின்னர் அச்சு மையை உருட்டும்போது அது வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். வண்ணப்படத்துக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல் வேண்டும். ஒரே தாளை ஒவ்வொரு கல்லின்மேலும் சிறிதும் பிசகாமல் வைத்து அழுத்த வேண்டும். ஒரு கல் மயிரிழை விலகினாலும் சேலையின் சரிகை கரையைவிட்டு நகர்ந்து இடுப்பின்மேல் படிந்துவிடும். இறுதியில் எண்ணெய் ஓவியம் போன்ற தோற்றத்துக்காக மெருகெண்ணெய் பூசுவர். அதனால் இவ்வச்சுக்கு ஓலியோகிராஃப் என்று பெயர் வந்தது. பாரிஸின் துளைத்தகட்டுப் படம் செல்வர் சிலரையே சென்றடைந்தது. கல்லச்சுப் படமோ சிறு வீட்டுக்காரரும் வாங்கிச் சட்டமிட்டு மாட்டக்கூடிய பொருளாயிற்று. அழகுணர்ச்சியில் முன்னது உயர்ந்தது என்று ஒருவர் வாதிடலாம். மக்களின் உடையை மாற்றும் ஆற்றலில் பின்னதே பெரிது.

இப்படங்களைப் பெண்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அச்சிட்ட லட்சுமியின் சேலைமீதும் சகுந்தலையின் முந்தானைமீதும் உண்மையான துணித்துண்டை வெட்டி ஒட்டி, சரிகை நூலும் ஜிகினாவும் மணியும் வைத்துத் தைத்த படங்கள் செட்டிநாட்டு வீடுகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் இன்று சேகரிப்பாளர் கைக்கு வந்துள்ளன. எந்தக் கரை எந்த உடலுக்குப் பொருந்தும், எந்த மடிப்பு எங்கே திரும்ப வேண்டும் என்று ஊசியும் நூலும் கொண்டு யோசித்த அக்கைகள், தாளின்மேல் ஓர் உடை வடிவமைப்பையே செய்திருக்கின்றன. அவற்றைத் தைத்தவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. ரவிவர்மாவின் கையெழுத்துக்குக் கிடைத்த மதிப்பில் ஒரு சிறு பங்காவது அந்த ஊசிவேலைக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

சுவர்ப்படத்தோடு மற்றொரு சிறு படமும் வீட்டுக்குள் வந்தது. மான்செஸ்டர் ஆலைகளிலிருந்து இறக்குமதியான துணியின் மடிப்பின்மேல், எழுத்தறியாதவரும் அடையாளம் கண்டு மீண்டும் அதே சரக்கைக் கேட்டு வாங்கும்படி, ஒவ்வொரு வணிக நிறுவனமும் பளபளக்கும் வண்ண லேபிளை ஒட்டியது. கடவுளர், யானை, புலி, ரயில்வண்டி இவற்றோடு, நகையணிந்து கண்ணாடி பார்க்கும் பெண்ணும், வீணையுடன் அமர்ந்த பெண்ணும் அந்த லேபிள்களில் உண்டு. இந்தியச் சேலையைப் பார்த்தறியாத இங்கிலாந்து அச்சகத்து ஓவியர் வரைந்த சில லேபிள்களில், முந்தானை எங்கிருந்து தொடங்குகிறது என்றே தெரியாதபடி துணி உடலைச் சுற்றியிருக்கும். துணி கிழிந்த பின்னும் லேபிள் பெட்டியின் உள்மூடியில் ஒட்டப்பட்டு வாழ்ந்தது. துணியையும் அதை அணிந்த பெண்ணின் படத்தையும் ஒன்றாக விற்ற இந்த லேபிளே இந்நாட்டின் உண்மையான ஃபேஷன் தாள் என்று கொள்வதில் தவறில்லை.

தமிழ் இதழ்களில் இந்த மரபு விரைவாக இடம்பிடித்தது. 1905-இல் பாரதியார் ஆசிரியராக இருந்த ‘சக்ரவர்த்தினி’, 1925-இல் வை.மு.கோதைநாயகி பொறுப்பேற்ற ‘ஜகன்மோகினி’, 1926-இல் தோன்றிய ‘ஆனந்த விகடன்’ என வளர்ந்த இதழுலகில், துத்தநாக பிளாக் மூலம் கோட்டோவியம் அச்சாகத் தொடங்கிய பிறகு, மாலி, கோபுலு முதலியோரின் கோடுகளில் நடுத்தரக் குடும்பத்துச் சேலையும் மடிசாரும் நடமாடின. ‘பொன்னியின் செல்வன்’ தொடருக்கு வரைந்த மணியம், ரவிவர்மாவின் வழியை விட்டுச் சிற்பங்களையும் சுவரோவியங்களையும் பார்த்துச் சோழர்காலப் பெண்ணின் உடையை அமைத்தது தனியே ஆராயத்தக்க துணிவு. நாட்காட்டிப் படங்களோ ரவிவர்மாவின் சேலையை இன்றுவரை விடவில்லை.

இவ்வளவு படங்களிலும் காணாத ஓர் உடை மரக்காணத்தில் இருக்கிறது. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த அங்குள்ள உப்பளங்களில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பாத்திகளைச் சீர்செய்து உவர்நீரைப் பாய்ச்சிய பிறகு, கோடை முழுவதும் உப்பு விளைகிறது. ஆண்களோடு பெண்களும் வெள்ளை உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வரப்பில் கொட்டுகின்றனர். சேலையின்மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் சுற்றிய துணி, அதன்மேல் சும்மாடு, கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய சேலையின் கீழ்விளிம்பு என்பது அவர்களுடைய உடை. இதைப் பார்த்து ‘உடையைப் பற்றிய அக்கறை இல்லை’ என்று கூறுவோர் துணியின் இலக்கணம் அறியாதவர். முழுக்கைச் சட்டை வெயிலிலிருந்தும் உப்பின் அரிப்பிலிருந்தும் கையைக் காக்கிறது. தலைத்துணி வெயிலைத் தடுப்பதோடு கூடையின் அழுத்தத்தையும் தாங்குகிறது. தூக்கிச் செருகிய விளிம்பு உவர்நீரில் நனைந்து கனக்காமல் காலுக்கு வழிவிடுகிறது.

கட்டுமுறையின் வேறுபாட்டையும் இங்கே விளக்குவது நலம். தமிழகத்தின் பல பகுதிகளில் உழைக்கும் பெண்கள் வழிவழியாகக் கைக்கொண்ட பின்கொசுவக் கட்டில், மடிப்புகள் முதுகுப்புறம் செல்வதால் முன்பக்கம் தட்டையாக இருக்கும். குனியவும் எட்டி நடக்கவும் நாற்று நடவும் அது தடையாவதில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினால் இரு கைகளும் விடுபடும். ரவிவர்மாவின் பெண்கள் உடுத்திய முன்கொசுவக் கட்டோ நின்று பார்க்கப்படுவதற்கு ஏற்றது. மடிப்புகள் காலின்மேல் விசிறிபோல் விரிந்து கரையின் அழகைக் காட்டும். வேகமாக நடந்தால் காலைத் தடுக்கும். ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்பதில்லை. ஆனால் ஒன்று மட்டும் கல்லில் ஏறி, மெருகு பூசப்பட்டு, லட்சக்கணக்கான சுவர்களில் தொங்கியதன் விளைவாக, மற்றது ‘பட்டிக்காட்டுக் கட்டு’ என்ற இழிசொல்லைப் பெற்றது. பின்கொசுவம் வைத்துக் கட்டத் தெரிந்த இளம்பெண்கள் இன்று அருகிவருவதற்கு நகர வாழ்க்கையும் ஆலைச்சேலையின் நீளமும் காரணங்கள் என்றாலும், படங்களின் பங்கும் சிறிதன்று. இந்திய ஆணின் தலைப்பாகையைக் கண்டு பாரிஸ் ஓவியர் வியந்து வரைந்தார். மரக்காணத்துப் பெண்ணின் தலைத்துணியை அருகிலிருந்த நம் ஓவியர்கள் வரையாமல் விட்டது வருந்தத்தக்கது.

இக்குறை நீக்க முடியாததன்று. மரக்காணத்துக்கு ஒருபுறம் புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடமும், மறுபுறம் சென்னையில் 1850-இல் தொடங்கிய நுண்கலைப் பள்ளியின் வழிவந்த அரசு கவின்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. உடையலங்காரக் கல்வி நிலையங்களும் பல வந்துவிட்டன. அங்குப் பயிலும் மாணவர்கள் லெபாப் வரைந்த தலைப்பாகையையும் ரவிவர்மா வரைந்த முந்தானையையும் படித்தறிவது போலவே, உப்பளப் பெண்களின் இசைவைப் பெற்று, அவர்களுடைய கட்டையும் செருகலையும் சும்மாட்டின் சுற்றையும் அளவோடு வரைந்து பதிவுசெய்ய வேண்டும். வீடுகளில் பழைய ஓலியோகிராஃப், துணி லேபிள், ஜிகினா தைத்த சாமிப்படம், பின்கொசுவம் கட்டிய பாட்டியின் ஒளிப்படம் ஆகியவற்றை வைத்திருப்போர், அவற்றைப் பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போடாமல், பழந்தமிழ் அச்சுப் பொருள்களைக் காத்துவரும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய ஒளிப்பட நிலையங்களின் படங்களை மின்னுருவில் சேமித்துள்ள புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் காட்டி, ஒரு படியாவது எடுக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. உப்பளங்களுக்குச் செல்ல விரும்பும் ஓவிய மாணவர்கள் பங்குனி, சித்திரை மாதங்களில் வெயில் ஏறுவதற்கு முன் செல்வது நல்லது; ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கி, வேலை நின்று, வரைவதற்கு அங்கே எவரும் இருக்கமாட்டார்கள்.